ஹெர்பல் பூல்

சரசா பொய் சொல்லவில்லை. அவள் புருஷன் கஜபதியை இன்றுவரை கொதிக்க வைப்பது அதுதான். பொய் சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். டாக்டர் கேட்ட கேள்விக்கு, தனக்குத் தெரிந்த தமிழில், அவள் சுத்தமான உண்மையைச் சொன்னாள். அந்த உண்மை அவள் தம்பியைக் கொன்றுபோட இருந்தது.

தம்பியின் பெயர் எழில். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டோடு இருக்கிறான். தாய் போன பிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் சரசா. தம்பி என்பதெல்லாம் ரேஷன் கார்டுக்காகத்தான், அவளுக்கு அவன் பிள்ளை. கோடையில் ஒரு நாள் தலைவலி என்றான். பிறகு காய்ச்சல், வாந்தி. சாம்பாரில் ஏதோ கருகின வாடை அடிக்கிறது என்று தட்டைத் தள்ளினான். சாம்பார் கருகவில்லை, சரசாவின் முகம்தான் கருகியது. மறுநாள் விடிந்தபோது கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தவன், தண்ணீர் கொண்டுவந்த அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர் வித்யா. சின்ன வயதுதான், கண்களில் மட்டும் பல நாள் தூக்கம் பாக்கி. எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை, கொடுக்கிற மருந்தும் கேட்கவில்லை என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"இவர் சமீபத்துல குளம், குட்டை, ஏரி எதுலயாவது குளிச்சாரா?"

சரசா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "சேச்சே. குளத்துலயும் குட்டையிலயும் போய் நாங்க ஏன் குளிக்கப் போறோம் டாக்டர். நாங்க ஃப்ளாட்ல இருக்கோம்."

டாக்டர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற கஜபதியும் தலையாட்டினார். தப்பான இடத்தில் தலையாட்டுவதற்கென்று மாநில அளவில் போட்டி வைத்தால் கஜபதி கோப்பையோடு வீடு திரும்புவார். அதை வைக்க ஷோகேஸில் இடமில்லை என்று சரசா திட்டும்போது அதற்கும் தலையாட்டுவார்.

சரசாவைச் சொல்லிக் குற்றமில்லை. சேக்காட்டில் பிறந்து, ஏரித் தண்ணீரில் துவைத்துக் குளித்து வளர்ந்தவள். கல்யாணமாகி, ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் கஜபதியோடு குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவள். கள்ளிக்குப்பத்தில் அடுக்குமாடி வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்றே புருஷனுக்கு உத்தரவு போட்டாள்: "இங்க எல்லாம் படிச்சவங்க. 'கீது' 'கீறேன்'னு பேசாத. 'இருக்கு'ன்னு சொல்லு." கஜபதி பழகிப் பார்த்தார். சாதாரண நேரத்தில் 'இருக்கு' வந்தது. கோபம் வந்தால் 'கீது' முந்திக்கொண்டது. அப்படிப்பட்டவளிடம் ஒரு டாக்டர், அதுவும் நாலு பேர் காதுபட, குளத்தில் குளித்தீர்களா என்று கேட்டால் வேறென்ன சொல்வாள்.

டாக்டரும் நியாயமாகத்தான் கேட்டார். தமிழும் நியாயமாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு உயிர் நழுவிக்கொண்டிருந்தது.

கஜபதி டீ குடிக்க வெளியே வந்தார். எதிரே மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தகரம் கண்ணைக் கூசவைத்தது. அதில் ஒரு விளம்பரம்: 'நீச்சல் குளத்துடன் கூடிய இரண்டு படுக்கையறை வீடுகள்.' கஜபதி சும்மா வாசித்தார். விலை எவ்வளவு இருக்கும் என்று யோசித்தார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார். மறுபடி வாசித்தார்.

நீச்சல் குளத்துடன்.

யாரும் அதைக் குளம் என்று சொல்வதில்லை. அவர்கள் அடுக்ககத்தில் அது ஸ்விம்மிங் பூல், சுருக்கமாக பூல். குழந்தைகள் பூலுக்குப் போகிறார்கள், பூல் பார்ட்டி நடக்கிறது, பூல் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. எழில் தினமும் வேலை முடிந்து வந்ததும் பூலில் ஆழமான பக்கம் தலைகீழாகக் குதித்து, மூக்கெல்லாம் தண்ணீர் ஏறத் தும்மிக்கொண்டே மேலே வருவான். கஜபதிக்கு நீச்சல் தெரியாது. விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, "மச்சான், டைவு சூப்பரா கீது" என்று மார்க் போடுவார்.

டீ கிளாஸை எங்கே வைத்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை. டாக்டர் வித்யாவை வார்டு வாசலில் பிடித்தார்.

"டாக்டரம்மா, குளத்துல குளிச்சான். டெய்லி குளிச்சான். எங்க ஃப்ளாட்லயே குளம் கீது. ஸ்விம்மிங் பூல். அத்த நாங்க பூல்னு சொல்லிகினு இருந்ததுல…"

டாக்டர் முகம் மாறியது. "தலையை முக்கிக் குதிப்பாரா? மூக்குல தண்ணி ஏறுமா?"

"அதான் அவன் வேலையே."

"குளோரின் போடறாங்களா?"

இங்கேதான் கஜபதி மென்று முழுங்க வேண்டிவந்தது. அந்தப் பூலின் கதை அப்படி.

தை மாதம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூகம்பம். பூலில் பிளீச்சிங் பவுடர் நாற்றம், குழந்தைக்குக் கண் சிவக்கிறது, பார்லரில் போய் நேராக்கிய முடி வைக்கோல் ஆகிவிட்டது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத், பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர், எல்லாவற்றுக்கும் தீர்வு வைத்திருப்பவர், இதற்கும் ஒன்று வைத்திருந்தார். வலைப்பையில் வெட்டிவேர்க் கட்டுகளை அடைத்துப் பூலின் நாலு மூலையிலும் இறக்கினார். படிகாரம் கரைத்து ஊற்றினார். அடியில் செப்புக் குடங்களை மூழ்கவிட்டார். நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்றார். முன்னோர்கள் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டார்களே தவிர, பானைக்குள் இறங்கித் தலைகீழாகக் குதிக்கவில்லை என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, கமகமவென்று வாசனை. வாசலில் 'ஹெர்பல் பூல்' என்று பலகை மாட்டினார்கள். குளோரின் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டதற்கு, "குறைச்சிருக்கோம்" என்றார் ஸ்ரீநாத். எல்லோரும் கைதட்டினார்கள்.

டாக்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வெட்டிவேர் வந்தபோது ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"கஜபதி சார், சுருக்கமா சொல்றேன். சூடான நல்ல தண்ணியில, குளோரின் போடாம விட்டா, ஒரு வகை அமீபா வளரும். அதுவா இருக்கலாம்."

"அமீபான்னா… வயித்தால போகுமே, அதுவா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அது வேற, இது வேற. இதைக் குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது. மூக்குல ஏறினாதான் வினை. மூக்கு வழியா நேரா மூளைக்குப் போயிடும். பொழைச்சவங்க ரொம்பக் கம்மி. பொழைச்ச பல பேரும் சீக்கிரம் கண்டுபிடிச்சதாலதான் பொழைச்சாங்க."

"அப்ப கண்டுபுடி தாயே."

"அங்கதான் சிக்கல். முதல்ல எடுத்த நீரை லேப்ல ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டாங்க. குளிர்ல இது அசையாது, தெரியாது. திரும்ப முதுகுல குத்திப் புதுசா எடுத்து உடனே மைக்ராஸ்கோப்ல பாக்கணும். ஆனா இப்ப மூளையில அழுத்தம் ஏறியிருக்கு. இந்த நிலைமையில குத்தறதே உயிருக்கு ஆபத்தாகலாம். கொஞ்சமாவது குளோரின் ஒழுங்கா இருந்த தண்ணின்னா இது வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, நான் குத்த மாட்டேன். குளோரினே இல்லன்னா இப்பவே குத்தியாகணும். குறைச்சாங்களா, நிறுத்திட்டாங்களா? அதை மட்டும் உறுதியா கேட்டுச் சொல்லுங்க. இதுக்கு ரொம்ப நேரம் இல்ல."

கஜபதி ஸ்ரீநாத்துக்கு போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். கட் ஆனது. 'எழிலுக்கு சீரியஸ், பூலில் குளோரின் உண்டா இல்லையா' என்று தட்டுத்தடுமாறித் தட்டி அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வந்தது: 'இன் எ மீட்டிங். வில் ரிவர்ட்.'

"ரிவர்ட்டாமே," என்றார் கஜபதி, யாரையும் பார்க்காமல். பைக்கை எடுத்தார்.

வழியெல்லாம் மெட்ரோ தகரம். தகரத்துக்கும் லாரிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டே, போகிற வழியில் இருக்கும் அத்தனை சிக்னலையும் அவற்றை நட்டவர்களின் பரம்பரையையும் பெயர் சொல்லித் திட்டினார். உலகத்தில் எல்லாருக்கும் மீட்டிங் இருக்கிறது, எழிலுக்கு மட்டும் நேரமில்லை என்று நினைத்தபோது ஹெல்மெட்டுக்குள் கண் கரித்தது. வெயில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஸ்ரீநாத் மீட்டிங்கில்தான் இருந்தார். பூல் ஓரத்தில், நிழற்குடைக்குக் கீழே, இளநீரோடு. சனிக்கிழமை சாயங்காலம், பொருளாளர் பார்த்தசாரதியும் இன்னும் சில குடும்பத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் ஏழெட்டுக் குழந்தைகள் முங்கி விளையாடிக்கொண்டிருந்தன.

கஜபதி செருப்போடு உள்ளே வந்தார். பூல் பக்கம் செருப்போடு வரக் கூடாது என்பது சங்கத்தின் விதி.

"புள்ளைங்கள வெளிய கூப்புடுங்க," என்றார்.

"என்ன கஜபதி சார், எழில் எப்படி இருக்கான்?" என்றார் ஸ்ரீநாத், எழுந்திருக்காமல்.

"மொதல்ல புள்ளைங்கள வெளிய கூப்புடுங்க. தண்ணில அமீபா கீது."

ஓரத்தில் இருந்த தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்தசாரதி சிரித்தார். வங்கியில் ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த வியாதி வந்தாலும் அது அவருக்கு முன்பே வந்து போயிருக்கும். "அமீபாதானே கஜபதி. எனக்கே வந்திருக்கு. ஒரு கோர்ஸ் மாத்திரை, ரெண்டு நாள் மோர் சாதம். பூல் தண்ணிய யாரும் குடிக்காதீங்கன்னு ஒரு போர்டு வெச்சுட்டா முடிஞ்சுது."

"சார், அது வயித்து அமீபா. இது மூக்குல ஏறி மூளையத் துன்றது. குடிச்சா ஒண்ணும் ஆவாது. நீ வேணா ஒரு குடம் குடி."

இதற்குமேல் தாய்மார்கள் காத்திருக்கவில்லை. குழந்தைகள் ஒவ்வொன்றாக, அழுதுகொண்டும் அடம்பிடித்துக்கொண்டும் வெளியே இழுக்கப்பட்டன. தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடி, அடங்கியது.

ஸ்ரீநாத் இப்போதுதான் எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், பானிக் கிரியேட் பண்ணாதீங்க. எல்லாம் ப்ராப்பரா மெயின்டைன் பண்றோம்."

"ஒரே கேள்வி நைனா. குளோரின் கொறச்சியா, நிறுத்திட்டியா?"

"ஆப்டிமைஸ் பண்ணியிருக்கோம்."

"தமிழ்ல சொல்லு."

"குறைச்சிருக்கோம் சார். போதுமான அளவு இருக்கு."

கஜபதி போனை எடுத்து டாக்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். "டாக்டரம்மா, செகரட்டரி பக்கத்துலதான் கீறாரு. பேசுறாரு கேளு." போனை ஸ்ரீநாத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஸ்ரீநாத் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எங்க பூல் வெல் மெயின்டைன்ட். குளோரின் லெவல் வித்தின் லிமிட்ஸ்."

டாக்டர், "அப்படின்னா நான் குத்தப் போறதில்ல," என்றார். "நீங்க சொல்றதை வெச்சுத்தான் முடிவெடுக்கறேன். உறுதிதானே?"

ஸ்ரீநாத் வாயைத் திறந்தார். கஜபதிக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில், சோதிக்காத பாகத்தைச் சோதித்ததாகச் சொல்லும் சூப்பர்வைசர்களிடம் பார்த்த முகம். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவைத் தேடுவார்கள்.

"இரு டாக்டரம்மா, லைன்லயே இரு," என்றார் கஜபதி. ஸ்ரீநாத்தைப் பார்த்தார். "குளோரின் கீதுன்ற. அப்ப குதி."

"வாட்?"

"ஆழமான பக்கம் போ. தலைகீழா குதி. மூக்கப் புடிக்காத. என் மச்சான் டெய்லி குதிச்ச மாதிரி குதி. மேல வந்து, லெவல் கரெக்டா கீதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு. நான் கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுகினு போயிடறேன்."

"நான் எப்படி சார்… ட்ரஸ்ஸெல்லாம்…"

"நான் புதுசு வாங்கித் தரேன்."

"சைனஸ் இருக்கு எனக்கு."

"சைனஸுக்கு வெட்டிவேர் நல்லதுன்னு நீதான அண்ணாத்தே சொன்ன."

யாரும் சிரிக்கவில்லை. கஜபதியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கோபம் வந்தால் அவருக்கு வாய் இப்படித்தான் போகும், சாவு வீட்டில்கூட. ஸ்ரீநாத் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அடியில் செப்புக் குடத்தின் வாய்கூடத் தெரிந்தது. தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது. ஈரக் குழந்தையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "அடப்பாவி," என்றாள் மெதுவாக.

"ஸ்ரீநாத், சொல்லித் தொலைப்பா," என்றார் பார்த்தசாரதி. மோர் சாதம் அவர் முகத்திலிருந்து போயிருந்தது.

"போடல டாக்டர்," என்றார் ஸ்ரீநாத். ரொம்பச் சின்னக் குரல். "பொங்கல்லேர்ந்து சுத்தமா போடல. நிறுத்திட்டேன்."

"தேங்க்யூ," என்றது போன். கட் ஆகிவிட்டது.

கஜபதி மருத்துவமனைக்குத் திரும்பியபோது டாக்டர் வித்யாவே வெளியே வந்து சொன்னார். குத்தியாயிற்று. எழில் தாங்கிக்கொண்டான். எடுத்த சூட்டோடு பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அது நகர்ந்துகொண்டிருந்தது. இருக்கிற மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு மருந்து கேரளாவிலிருந்து வரவேண்டும், ஏற்பாடு ஆகிறது.

சரசா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "குளம்னுதான் கேட்டாங்க," என்றாள். "நான்தான் சேச்சேன்னேன். பெரிய ஃப்ளாட்காரி."

"நானும்தான் தலையாட்டினேன்," என்றார் கஜபதி. பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் திட்டவில்லை.

அந்த மருந்தை விமான நிலையத்துக்குப் போய் வாங்கிவந்தவர் ஸ்ரீநாத். கஜபதி கேட்கவில்லை, அவராகவே போனார், வந்தார், பெட்டியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வராந்தாவின் கோடியில் நின்றார். மறுநாளும் வந்து நின்றார். அதற்கடுத்த நாளும். கஜபதிக்கு இது பெரிய இம்சையாக இருந்தது. ஒருவனை நிம்மதியாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் ஸ்ரீநாத் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். போனை நீட்டினார். "சார், குழுவுல போட ஒரு சர்க்குலர். நீங்க ஒரு தடவை பாத்துட்டா…"

கஜபதி வாசித்தார். நமது அன்பிற்குரிய எழில் அவர்கள் அரியதொரு காய்ச்சலால் பாதிக்கப்பட்டுள்ளார். காரணம் ஆராயப்படுகிறது. முன்னெச்சரிக்கையாகப் பூல் பராமரிப்புக்காகத் தற்காலிகமாக மூடப்படுகிறது. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

"காரணம் ஆராயப்படுதா?"

"லீகலா அப்படித்தான் சார் போடணும்னாங்க. வெளிய தெரிஞ்சா வீட்டை விக்கக்கூட முடியாது, உங்க வீடும்தான்…"

"குடிநீரைக் காய்ச்சணுமா?" கஜபதியின் குரல் உயர்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மூக்குல ஏறுதுன்னு டாக்டரம்மா ஆயிரம் தபா சொன்னாங்க. நீ வாய்க்குக் காவல் போடச் சொல்ற. நாளைக்குப் பூட்டத் தொறப்ப. குடிக்கலியேன்னு நாலு புள்ளைங்க குதிக்கும். அதுல ஒண்ணு இங்க வந்து படுக்கும். அது அம்மாவும் உன் சர்க்குலர நம்பி, நல்லா காய்ச்சிதான் டாக்டர் குடுத்தேன்னு சொல்லும்."

கஜபதி தன் போனை எடுத்து, மாநகராட்சி சுகாதாரப் பிரிவின் எண்ணை அழுத்தினார். காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு ஆய்வாளர் லைனுக்கு வந்து, "சொல்லுங்க, என்ன புகார்?" என்று கேட்ட அதே நேரம் நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"எழில் அட்டெண்டர் யாரு? கண்ணு முழிச்சிருக்காரு. மாமா எங்கன்னு கேக்கறாரு."

கஜபதி போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். போனை ஸ்ரீநாத்தின் கையில் திணித்தார். "லைன்ல கீறாரு. நீயே சொல்லு."

உள்ளே சரசா ஏற்கெனவே தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழில் பாதியாக இளைத்திருந்தான். ஒரு பக்கக் கை இன்னும் அசையவில்லை. முழுசாகத் தேறுவானா என்று இப்போதே சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கஜபதி குனிந்தார். எழிலின் உதடு ரொம்ப நேரம் முயன்றது.

"மாமா… ஆபீஸ்ல… லீவு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேண்டா," என்றார் கஜபதி. சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், வந்தது வேறு. சரசா முந்தானையை அவர் கையில் திணித்தாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. வராந்தாவிலிருந்து ஸ்ரீநாத்தின் குரல் கேட்டது. முதலில் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். நின்றார். பிறகு தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக, "கள்ளிக்குப்பம் சார்… ஆமா, அடுக்ககத்து நீச்சல் குளம்… இல்ல சார், நான்தான் நிறுத்தினேன். ஸ்ரீநாத். எழுதிக்கோங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.